பிப்ரவரி 15 வரை பொறு

லெய்டன்,
அக்டோபர் 12

அன்புத் தம்பிக்கு,

முனைவர் பட்டத்துக்குப் பிறகான போஸ்ட்டாக் ஆராய்ச்சி வேலைகள் என்று நீ அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். அமெரிக்காவும் ஐரோப்பாவுமாகப் பக்கம் நிறைய எழுதியிருக்கிறாய். அதன் அடியில், "எது முதலில் வந்தாலும் சரி சொல்லிவிடுவேன் அக்கா" என்று ஒரு வரி. அந்த வரிதான் மனசை உறுத்துகிறது.

நம் வானியல் துறையில் இதற்கென்றே ஒரு வழக்கம் இருக்கிறது. போஸ்ட்டாக் வேலைக்கு அழைப்பு வந்தவர் யாரையும் பிப்ரவரி 15-க்கு முன் பதில் சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது அமெரிக்க வானியல் சங்கத்தின் கொள்கை. டிசம்பரிலேயே ஓர் இடம் "மூன்று நாளில் சொல்" என்று நெருக்கினால், மற்ற இடங்களின் முடிவு தெரியாமலே பிள்ளைகள் பயந்து தலையாட்டிவிடுவார்கள். அப்படி நடக்கக் கூடாது என்பதற்குத்தான் அந்தத் தேதி. ஐரோப்பாவில் எல்லோரும் இதற்குக் கட்டுப்படுவதில்லை. நெருக்கினால், இன்னும் இரண்டு வாரம் வேண்டும் என்று மரியாதையாக எழுதிக் கேள். நீ அதிகம் விரும்பும் இடத்துக்கும், கையில் ஓர் அழைப்பு இருக்கிறது என்று தெரியப்படுத்து. இதில் தவறே இல்லை.

அந்த இடைவெளியில் விசாரி. அந்தக் குழுவில் முன்பு இருந்த போஸ்ட்டாக்குகள் சொந்தமாகப் பேப்பர் எழுத முடிந்ததா, இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று அவர்களிடமே கேள். கொடுப்பது சம்பளமா, உதவித்தொகையா என்றும் பார். இங்கே நெதர்லாந்தில் போஸ்ட்டாக் பல்கலைக்கழக ஊழியர். ஓய்வூதியப் பிடித்தம் உண்டு, விடுமுறைப் படி எட்டு சதவீதம் உண்டு. ஜெர்மனியின் ஹம்போல்ட் உதவித்தொகையில் ஓய்வூதியம் சேராது. ஆனாலும் அது பெரிய கௌரவம், தவறாமல் விண்ணப்பி.

இனி உன் ஆராய்ச்சித் திட்டம். திஸிஸில் செய்ததையே நீட்டி எழுதிவிட்டு, செய்யப்போவதை ஒரே பத்தியில் முடித்திருக்கிறாய். இதை அப்படியே தலைகீழாக்கு. தேர்வுக் குழுவுக்கு உன் நாளைய வேலைதான் தெரிய வேண்டும். அதை இப்படித் தொடங்கலாம்: சிலியில் உள்ள ரூபின் தொலைநோக்கி, வானில் தெரியும் மாற்றங்களைப் பற்றி இரவுதோறும் லட்சக்கணக்கில் எச்சரிக்கைகளை அனுப்பவே கட்டப்பட்டது. அவற்றில் எது புதிய சூப்பர்நோவா என்று முதல் சில மணி நேரத்துக்குள் நிறமாலை எடுத்துப் பார்க்க வேண்டும். சிலியில் பொழுது விடிந்துவிட்டால் யார் பார்ப்பது? கேனரித் தீவுகளுக்கும் கிழக்கு ஆஸ்திரேலியாவுக்கும் நடுவில் இருக்கும் பெரிய இடைவெளியில் லடாக்கின் ஹான்லே நிற்கிறது. அங்குள்ள இரண்டு மீட்டர் சந்திரா தொலைநோக்கியில் இரவிரவாக உட்கார்ந்தவன் நீ. இதை உன்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் அதிகம் பேர் இல்லை. முதல் பக்கத்திலேயே இதை வை.

சிபாரிசுக் கடிதங்களுக்கு இந்த வாரமே சொல்லிவிடு. பெரும்பாலும் மூன்று கேட்பார்கள். ஒன்றாவது உன் நிறுவனத்துக்கு வெளியிலிருந்து வரட்டும். கைடு வேலையாக இருக்கிறார் என்று தயங்காதே. மாணவனுக்குக் கடிதம் எழுதுவதும் அவர் வேலைதான். உன் சிவியையும் திட்டத்தின் வரைவையும் கடைசித் தேதிகளையும் ஒன்றாக அவருக்கு அனுப்பிவிடு.

பிப்ரவரி வரை உன்னிடம் எதுவும் கேட்க வேண்டாம் என்று அம்மாவிடம் நானே பேசிவிட்டேன். நீ வேளைக்குச் சாப்பிடு. திருத்திய திட்டத்தை ஞாயிற்றுக்கிழமைக்குள் எனக்கு அனுப்பு, அன்றே படித்துவிடுகிறேன்.

அன்புடன்,
அக்கா