தூபகரண்டியும் உள்ளங்கையும்



நான்காம் வகுப்பில் என்னிடம் படித்த ஒருத்தி, இப்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், போன வாரம் ஒரு கேள்வி அனுப்பியிருந்தாள். "டீச்சர், எண்ணாகமம் 7ஆம் அதிகாரத்தில் தூபகரண்டி, தூபகரண்டி என்று திரும்பத் திரும்ப வருகிறதே, அது எப்படி இருக்கும்? நம்ம வீட்டுக் குழம்புக் கரண்டி மாதிரியா?"

சின்ன வயதிலும் இப்படித்தான். எல்லாரும் தலையாட்டும் இடத்தில் இவள் மட்டும் கை தூக்குவாள். நல்ல கேள்வி என்பதால் பதிலை எல்லாருக்குமாகவே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஓய்வு பெற்ற பிறகு எங்கள் சபையில் இருந்த வயதான போதகர் ஒருவரிடம் எபிரெய எழுத்துகளைக் கற்றுக்கொண்டேன். புலமை எல்லாம் கிடையாது. எழுத்துக்கூட்டிப் படிப்பேன், அகராதி புரட்டுவேன், அவ்வளவுதான். அந்த அளவு அறிவுக்கே இந்தச் சொல் ஒரு புதையலாக இருந்தது.

தமிழில் தூபகரண்டி என்று இருக்கும் இடத்தில் எபிரெயத்தில் இருப்பது 'கஃப்' என்ற ஒரே அசைச் சொல். அதன் முதல் பொருள் உள்ளங்கை. கரண்டி என்பதெல்லாம் பிறகு வந்தது.

எபிரெயத்தில் கைக்கு இரண்டு சொல் உண்டு. ஒன்று 'யாத்'. அடிக்கும் கை, ஆளும் கை, வேலை செய்யும் கை எல்லாம் அதில் அடங்கும். மற்றது 'கஃப்'. விரல்களைச் சற்று மடக்கினால் நடுவில் ஒரு குழி விழுகிறதே, அந்தக் கை. வளைதல், குனிதல் என்ற பொருளுள்ள வினைச்சொல்லோடு சேர்ந்த சொல் அது. பாரத்தால் குனிந்துபோனவர்களைக் கர்த்தர் நிமிர்த்துகிறார் என்று 145, 146ஆம் சங்கீதங்களில் வருகிறதே, அங்கே குனிந்தவர்களைச் சொல்லும் சொல்லும் இதே வேரிலிருந்து வந்ததுதான்.

கஃப் என்பது எபிரெய அரிச்சுவடியில் 11ஆவது எழுத்தின் பெயரும்கூட. எண்ணாகக் கொண்டால் 20. மிகப் பழைய காலத்தில் அந்த எழுத்தை விரல்களோடு கூடிய கையாகவே வரைந்தார்கள். அதுதான் கிரேக்கருக்குப் போய் 'காப்பா' ஆனது, பிறகு ஆங்கிலத்தில் நாம் எழுதும் 'கே' ஆனது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக் 'கே' எழுதச் சொல்லிக்கொடுக்கும்போதெல்லாம் ஒரு கையின் படத்தைத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறோம்!

குழிவாக இருந்து எதையாவது தாங்கும் பொருளுக்கெல்லாம் இந்தச் சொல்லைச் சொல்லியிருக்கிறார்கள். உள்ளங்காலுக்கும் கஃப்தான். கவணில் கல் வைக்கும் குழிக்கும் அதே பெயர். அபிகாயில் தாவீதிடம் பேசும் இடத்தில் அது வருகிறது. இன்றைக்கு இஸ்ரேலில் சாப்பாட்டு மேசையில் கஃப் வேண்டும் என்றால் பெரிய ஸ்பூனைக் கொடுப்பார்கள்.

இனி எண்ணாகமம் 7. ஆசரிப்புக் கூடாரம் எழும்பி முடிந்ததும் 12 கோத்திரப் பிரபுக்கள் நாளுக்கு ஒருவராக 12 நாள் காணிக்கை கொண்டுவருகிறார்கள். முதல் நாள் யூதா கோத்திரத்து நகசோன். ஒவ்வொருவரும் கொண்டுவந்தது 130 சேக்கல் எடையுள்ள வெள்ளித் தட்டு, 70 சேக்கல் வெள்ளிக் கலம், 10 சேக்கலில் தூபவர்க்கம் நிறைந்த ஒரு பொன் கஃப். தோண்டியெடுத்த எடைக்கற்களை வைத்து ஒரு சேக்கல் சுமார் 11.4 கிராம் என்கிறார்கள். அப்படியானால் ஒரு கஃப் சுமார் 114 கிராம், நம் கணக்கில் 14 சவரன். பன்னிரண்டும் சேர்ந்து 120 சேக்கல் என்று கூட்டுத்தொகையும் அந்த அதிகாரத்திலேயே இருக்கிறது. கணக்கு டீச்சருக்குப் பிடித்த அதிகாரம்!

89 வசனம் உள்ள அந்த அதிகாரத்தைப் பலர் வேகமாகத் தள்ளிவிட்டுப் போவார்கள், ஒரே பட்டியல் 12 முறை வருவதால். பெரிய கோத்திரம், சிறிய கோத்திரம் எல்லாருக்கும் ஒரே எடை. ஒருவர் பெயரைச் சொல்லிவிட்டு மற்றவர்களை 'மேற்படியார்' என்று முடித்துவிடவில்லை.

அந்தக் கஃப் எப்படி இருந்திருக்கும்? எகிப்தியக் கோயில் ஓவியங்களில் தூபம் காட்டும் கருவி ஒன்றைப் பார்க்கலாம். நீட்டிய ஒரு கரம், அதன் நுனியில் விரித்த கை, கையில் ஒரு சிறு கிண்ணம். சிரியாவிலும் பாலஸ்தீனத்திலும் கிடைத்த சிறு கல் கிண்ணங்கள் சிலவற்றின் அடிப்புறத்தில் ஐந்து விரல்களோடு ஒரு கை செதுக்கியிருக்கிறது. கிண்ணத்தை ஒரு கை தாங்குவதுபோலத் தோன்றும். கூடாரத்துக் கஃப்பும் அப்படியே இருந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் தூபக் கலத்தைக் கையாகப் பார்க்கும் கண் அந்தப் பக்கத்து மக்களுக்கு இருந்தது.

கிரேக்க மொழிபெயர்ப்பில் அது தூபக் கலம் ஆயிற்று. 1611இல் வந்த ஆங்கில வேதாகமத்தில் ஸ்பூன் ஆயிற்று. நம் தமிழில் தூபகரண்டி. யாரும் தவறாகச் சொல்லவில்லை. என்ன வேலைக்கான பொருள் என்பது வாசிப்பவருக்கு விளங்கவேண்டும் அல்லவா? ஆனால் வேலையைச் சொன்ன சொல்லில் கை மறைந்துவிட்டது.

கை மறைந்ததால் சில உறவுகளும் கண்ணில் படுவதில்லை. சாறிபாத்தின் விதவையை நினைத்துப் பாருங்கள். பானையில் கொஞ்சம் மா இருக்கிறது, அதை அப்பமாக்கிச் சாப்பிட்டுவிட்டு நானும் என் மகனும் சாகப்போகிறோம் என்று எலியாவிடம் சொல்கிறாள். அந்த மாவுக்கு அவள் சொல்லும் அளவு ஒரு கஃப் நிறைய. பிரபுக்களின் 14 சவரன் பொன்னுக்கும் இவளுடைய கடைசிப் பிடி மாவுக்கும் ஒரே சொல்! அடுத்த அதிகாரத்தில் பஞ்சம் முடியும்போது கடலிலிருந்து எழும்பும் மேகமும் ஒரு மனுஷனுடைய கஃப் அளவுதான்.

பாவநிவாரண நாளில் பிரதான ஆசாரியர் மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் போகும்போதும் இந்தக் கஃப் உண்டு. சுமார் கி.பி. 200இல் தொகுக்கப்பட்ட யூதரின் மிஷ்னா என்ற நூல் அதை விவரிக்கிறது. இரண்டு கையும் நிறையத் தூபவர்க்கத்தை அள்ளிக் கஃப்பில் போடுவார். வலது கையில் தணல் தட்டு, இடது கையில் கஃப். எவ்வளவு அள்ளவேண்டும்? படி, மரக்கால் ஒன்றும் இல்லை. பெரிய கை உள்ளவருக்குப் பெரிய அளவு, சிறிய கை உள்ளவருக்குச் சிறிய அளவு, அவரவர் கைதான் கணக்கு. இதை வாசித்த அன்று புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

காரணம் சொல்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன் எனக்குப் பக்கவாதம் வந்தது பலருக்குத் தெரியும். பேச்சு திரும்பிவிட்டது, நடை முக்கால்வாசி திரும்பிவிட்டது. வலது கை திரும்பவில்லை. விரல்கள் உள்ளே மடங்கியே நிற்கின்றன. பயிற்சி கொடுக்கும் தம்பி பந்தைக் கொடுத்து அழுத்தச் சொல்கிறார், அழுத்துகிறேன். விரிக்கத்தான் முடியவில்லை. 37 வருடம் கரும்பலகையில் முத்து முத்தாக எழுதிய கை. பென்ஷனுக்காக ஓர் அலுவலகத்துக்குப் போனபோது கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று மைப்பெட்டியை நகர்த்தினார்கள். எத்தனையோ பிள்ளைகளுக்குக் கையெழுத்துச் சொல்லிக்கொடுத்தவள் கைநாட்டு வைத்துவிட்டு வந்தேன். அவர்கள் மரியாதையாகத்தான் நடத்தினார்கள். ஆனாலும் 'கையாலாகாதவள்' என்று தமிழில் ஒரு சொல் இருக்கிறதே, அது ஆட்டோவில் வீடுவரை கூடவே வந்தது.

கோயிலில் திருவிருந்து எடுக்கப் போகும்போது வலது கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு இடது கையை மட்டும் நீட்டுவேன். இந்தச் சொல்லைப் படித்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை, இடது கையைக் கீழே தாங்கலாக வைத்து வலது கையை மேலே வைத்தேன். விரியாத விரல்களுக்கு நடுவே குழி இருந்தது. போதகர் அப்பத்தை அதில் வைத்தார். விழவில்லை. ஏந்துவதற்கு விரித்த கையைவிட வளைந்த கைதானே வசதி?

இதனால் என் கை குணமாகிவிட்டது என்று யாரும் நினைக்கவேண்டாம். எழுதமுடியாத வருத்தம் இன்னும் இருக்கிறது. இந்தப் பதிவையும் போனிடம் வாயால் சொல்லி, இடது கைப் பெருவிரலால் திருத்தித்தான் போடுகிறேன். ஆனால் மறைப்பதை விட்டுவிட்டேன்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். கஃப் என்ற சொல் இனிப்பாக மட்டும் வருவதில்லை. ஏசாயா முதல் அதிகாரத்தில், நீங்கள் கஃப்பை விரித்து ஜெபித்தாலும் பார்க்கமாட்டேன், உங்கள் கைகளில் இரத்தம் நிறைந்திருக்கிறது என்ற கருத்தில் கர்த்தர் கடிந்துகொள்கிறார். தூபத்தையும் அதே இடத்தில் அருவருப்பு என்கிறார். அள்ளிப் போடும் கை சுத்தமில்லாவிட்டால் 14 சவரன் கரண்டியும் வீண். கல்வெட்டில் பெயர் வரவேண்டும் என்று ஆலயத்துக்குப் பாத்திரம் வாங்கிக் கொடுத்துவிட்டு, வேலைக்காரப் பெண்ணின் கூலியைக் குறைக்கிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்கள் வாசிக்கவேண்டிய பகுதி அது.

கி.மு. 586 வாக்கில் பாபிலோனியர் எருசலேம் ஆலயத்தை எரித்துச் சாமான்களை வாரிக்கொண்டு போனார்கள். அந்தப் பட்டியலிலும் கஃப் இருக்கிறது. பொன் போய்விட்டது, வெண்கலம் போய்விட்டது. ஆனால் 141ஆம் சங்கீதத்தில் தாவீது தன் ஜெபத்தைத் தூபத்துக்கும், தான் உயர்த்தும் கஃப்பை அந்திப்பலிக்கும் ஒப்பிடுகிறார். அந்தக் கஃப்பை எந்தப் படையாலும் வாரிக்கொண்டு போகமுடியாது.

ஆகையால் மகளே, உன் கேள்விக்குப் பதில் இதுதான். குழம்புக் கரண்டியை விட்டுவிடு. உன் வலது கையை லேசாக மடக்கிப் பார், தூபகரண்டி அங்கே இருக்கிறது.

கடைசியாக ஒரு வீட்டுப்பாடம். உள்ளங்கைக் குழி கொள்ளும் அளவை எங்கள் பக்கம் 'சிறங்கை' என்போம். ஒரு சிறங்கை அரிசி, ஒரு சிறங்கைத் தண்ணீர். உங்கள் ஊரில் என்ன பெயர்? கீழே எழுதுங்கள், எல்லாவற்றையும் வாசிப்பேன். பதில் எழுதத் தாமதமானால் காரணம் தெரியுமல்லவா!

அன்புடன்,
உங்கள் டீச்சர்.