பிள்ளைக்காம்பராவும் எலிக்கூண்டும்

“தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறாது, அது பரம்பரை” என்று என் சிறுபிராயத்தில் ஓர் ஆசிரியர் கூறினார். ஹட்டனை அடுத்த தோட்டமொன்றில், அம்மா கொழுந்தெடுக்கச் சென்ற பொழுதெல்லாம் பிள்ளைக்காம்பராவில் வளர்ந்தவன் நான். அச்சொல் நெடுநாள் முள்ளாய் உறுத்திற்று.

பல்கலைக்கழகத்தில் உளவியல் பயின்றபோது விடையொன்று கிட்டியது. கனடாவின் மனிற்றோபாப் பல்கலைக்கழகத்தில் கூப்பர், சூபெக் என்னும் இருவர் 1958இல் வெளியிட்ட ஆய்வு அது. புதிர்வழி கற்பதில் கெட்டி, மந்தம் எனத் தலைமுறைகளாகத் தெரிந்து பெருக்கப்பட்ட எலிகளின் குஞ்சுகளை அவர்கள் வெவ்வேறு கூண்டுகளில் வளர்த்தனர். சாதாரணக் கூண்டில் கெட்டி எலிகள் சராசரி 117 பிழைகளும் மந்த எலிகள் 164 பிழைகளும் செய்தன. ஊஞ்சலும் கண்ணாடியும் சுரங்கவழியும் நிறைந்த கூண்டில் மந்த எலிகளின் பிழை 120 ஆகக் குறைந்தது. உணவும் நீரும் மட்டுமிருந்த வெறுங்கூண்டிலோ இருவகையும் ஏறத்தாழ 170 பிழைகள் செய்தன.

எலி மனிதனன்று. ஆயினும் அந்த வெறுங்கூண்டே என்னை உலுக்கிற்று. எங்கள் பிள்ளைக்காம்பராவில் தொட்டிலும் பாலும் இருந்தன, படப்புத்தகம் இல்லை. ஆயா சொன்ன கதைகளே எனக்கு ஊஞ்சலாயின. என்னிலும் கூர்மையான தோழர் சிலர் பள்ளியை இடைநிறுத்திக் கொழும்புக் கடைகளுக்குச் சென்றனர். அவர்களிடம் குறைந்திருந்தது பரம்பரையன்று. நாம் அவர்களுக்கு வைக்க மறந்த ஊஞ்சலே.