சில்லறைக் காசுக் காவல்

மல்லேஸ்வரத்தில் ஒரு வீட்டின் சாப்பாட்டு மேசை. அதன் மேல் பழைய பிஸ்கட் டப்பா. உள்ளே 9 வோல்ட் பாட்டரியும் 14 கால்கள் கொண்ட ஒரு சிப்பும். அவர் பொத்தானை அழுத்துகிறார். டப்பா வாய் திறக்கவில்லை. பேத்தியின் பள்ளி விழாவுக்கு இன்னும் இரண்டே நாள்.

ஓய்வுபெற்ற பொறியாளரான அவருக்கு மின்னணு இசைப் பித்து பெங்களூரில்தான் பிடித்தது. புல்லாங்குழல் கலைஞரும் பொறியாளருமான ஜி. ராஜ் நாராயண், ராடெல் மின்னணு தம்புராவை உருவாக்கிய ஊராயிற்றே! எஸ்.பி. ரோட்டுக் கடையில் 40106 சிப்பை வாங்கி வந்தார். அதில் ஆறு இன்வெர்ட்டர்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு ரெசிஸ்டர், ஒரு கெபாசிட்டர் சேர்த்தால் போதும், ஒரு ஸ்வரம் தயார்.

சத்தம் கூடட்டும் என்று ஆறு அவுட்புட்டுகளையும் நேராக ஒரே கம்பியில் முடிந்ததுதான் வினை. ஒன்று 9 வோல்ட்டுக்கு இழுக்கும்போது இன்னொன்று பூஜ்யத்துக்கு இழுக்கிறது. வண்டியின் இருபுறமும் மாடு பூட்டிய கதை. சிப் விரலைச் சுட்டது, பிறகு அடங்கிவிட்டது.

"தாத்தா, வீட்டுக்கு ஃப்யூஸ் வச்சிருக்கோமே, இதுக்கு எங்கே?" என்றாள் பேத்தி.

அவர் சிரித்தார். பிறகு மௌனமானார். பணிக்காலம் முழுவதும் ஊரார் இயந்திரங்களுக்குப் பாதுகாப்பு யோசித்தவர் அவர்.

அன்றிரவே புது சிப்பைப் பொருத்தினார். ஆறு அவுட்புட்டுகளையும் தலைக்கு ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாகவே ஒன்று சேர்த்தார். பக்கத்து ரிதம் பெட்டிக்குத் துடிப்பு அனுப்பும் தனி அவுட்புட்டில், ஜாக்குக்கு முன்னால் 1 கிலோ ஓம். கேபிளைச் செருகும்போது அதன் நுனி எர்த்தைத் தொட்டாலும் 9 மில்லி ஆம்பியருக்கு மேல் ஓடாது. யாரோ தவறுதலாக 12 வோல்ட்டைக் கொடுத்தாலும் அதே ரெசிஸ்டர்தான் தடுத்து நிறுத்தும்.

இழப்பு? எதிர்முனை 100 கிலோ ஓம் என்றால் வோல்ட்டேஜில் சுமார் ஒரு சதவீதம். சுருதியைத் தீர்மானிக்கும் வோல்ட்டேஜாக இருந்தால் அதுவே ஆக்டேவுக்கு 12 சென்ட் பிசகும், காது கண்டுபிடித்துவிடும். 'உண்டு, இல்லை' மட்டும் சொல்லும் துடிப்புக்குக் கவலையில்லை.

விழாவில் டப்பா பாடியது. பேத்தி கேபிளை மூன்று முறை பிடுங்கிச் செருகினாள். ஒன்றும் ஆகவில்லை.

செத்துப்போன சிப்பை அவர் எறியவில்லை. டப்பா மூடியின் உட்புறம் ஒட்டி வைத்திருக்கிறார்.