கெல்டர்லாந்தும் கெல்டிரியாவும்

நெதர்லாந்தின் கிழக்கே கெல்டர்லாந்து என்னும் மாகாணம் உள்ளது. அதன் ஆர்ன்ஹெம் நகரில் 1912இல் நிறுவப்பெற்ற திறந்தவெளி அருங்காட்சியகம், நாட்டுப்புறக் குடியானவர்களின் வீடுகளையும் காற்றாலைகளையும் பட்டறைகளையும் பெயர்த்துக் கொணர்ந்து, மீண்டும் எழுப்பிக் காத்துவருகிறது. அம்மாகாணத்தின் பெயர் சோழமண்டலக் கடற்கரையிலும் வழங்கியதுண்டு. 1613இல் டச்சுக்காரர் பழவேற்காட்டில் எழுப்பிய கோட்டையின் பெயர் கெல்டிரியா. அங்குத் தலைமை அதிகாரியாய் இருந்த வெம்மர் வான் பெர்ஹெமின் சொந்த மாகாணம் கெல்டர்லாந்து. அதுவே பெயர்க் காரணம்.

குடுபல்லிப் பக்கத்திலிருந்து இவ்வரலாற்றைத் தேடிப் புறப்படும் ஆய்வு மாணவர்க்கு முதல் தங்கல் சந்திரகிரி. மரம் சேர்க்காது, கல்லும் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு கட்டிய மூன்றடுக்கு ராஜ மகால், இன்று இந்தியத் தொல்லியல் துறையின் அருங்காட்சியகமாகச் சீருடன் நிற்கிறது. இவ்வூரைத் தலைநகராகக் கொண்டிருந்த இரண்டாம் வேங்கடபதி ராயரின் ஆட்சியில்தான், 1610இல் டச்சுக்காரர்க்குப் பழவேற்காட்டில் வணிக உரிமை கிடைத்தது.

அடுத்தது கல்பாக்கத்தை அடுத்த சதுரங்கப்பட்டினம். தொல்லியல் துறை செப்பனிட்ட செங்கல் மதிலுக்குள் கிடங்குகளும் டச்சுக் கல்லறைகளும் இருக்கின்றன. பழவேற்காட்டிலோ கோட்டை அழிந்துவிட்டது; கல்லறைத் தோட்டம் மட்டும் காக்கப்படுகிறது. அதன் வாயிலில் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் இரண்டு காவல் நிற்கின்றன. உள்ளே, இறந்தோரின் பெயர்களும் குலச் சின்னங்களும் நுட்பமாகச் செதுக்கிய கற்பலகைகள். மூன்றரை நூற்றாண்டு கடந்தும் அவற்றில் பல படிக்கும்படி உள்ளன.

படிக்க முடியாத பெயர்களே பார்ப்பவரை உறுத்த வேண்டியவை. இக்கோட்டைகள் நின்றது துணி வணிகத்தின்மேல். ஆயினும் நெசவாளர் வீடொன்றும் அங்கே காக்கப்படவில்லை. பதினேழாம் நூற்றாண்டின் பஞ்சங்களில் தம்மையும் தம் மக்களையும் விற்றவர்கள் ஆயிரக்கணக்கில் இக்கரையிலிருந்து அடிமைகளாய் பத்தாவியாவுக்குக் கப்பலேற்றப்பட்டனர். அவர்களுக்குக் கல்லறையும் இல்லை, கல்வெட்டும் இல்லை.

ஆனால் ஆவணம் உண்டு. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏடுகள் ஹேக் நகரின் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அவற்றைத் துருவிப் படித்தே ஈழத்துத் தமிழ் வரலாற்றறிஞர் சின்னப்பா அரசரத்தினம் இக்கரையின் வணிகரையும் நெசவாளரையும் அடிமை வணிகத்தையும் எழுதினார்.

ஆர்ன்ஹெமில் குடியானவன் வீடும் வரலாறாக மதிக்கப்படுகிறது. நம் பக்கத்தில் அரசன் மாளிகைக்கும் கம்பெனி அதிகாரியின் கல்லறைக்கும் கிடைத்த பராமரிப்பு, அவற்றுக்கு உழைத்தவர்க்கும் அவற்றால் விற்கப்பட்டவர்க்கும் கிடைக்கவில்லை. இடிந்த வீடுகளை இனி எழுப்ப இயலாது. ஏடுகளில் உள்ளதை அவ்விடங்களிலேயே, தமிழிலும் தெலுங்கிலும் எழுதி நிறுத்த இயலும். சீரமைப்பு என்பது சுண்ணாம்புப் பூச்சோடு முடிவதன்று. அதன் மறுபாதி ஆய்வாளர் கையில் இருக்கிறது.