நாவலுக்கு நாற்பது விநாடி

டிசம்பர் பிறந்ததும் தமிழ் முகநூலில் அட்டைப்படங்கள் வரிசைகட்டத் தொடங்கிவிடும். பொங்கலையொட்டி நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சியை மனத்தில் வைத்தே பெரும்பாலான பதிப்பகங்கள் புதிய நூல்களை அச்சுக்கு அனுப்புகின்றன. 1977இல் தொடங்கிய அந்தக் காட்சியில் விற்பதை வைத்துத்தான் பல சிறு பதிப்பகங்கள் மீதி ஆண்டை ஓட்டுகின்றன. எனவே எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அவசரம். ஒரு மாலைக்குள் ஏழெட்டு நாவல்களின் அட்டை கண்ணில் படும். ‘வாழ்த்துகள் தோழர்’ என்று பின்னூட்டங்கள் குவியும். மறுநாள் வேறு அட்டைகள் வந்துவிடும். வாழ்த்தியவர்களில் எத்தனை பேர் புத்தகத்தை வாங்கினார்கள் என்பது பதிப்பாளருக்கு மட்டுமே தெரிந்த கணக்கு.

இந்த நெரிசலுக்குள் முதல் நாவல் எழுதிய ஒருவரை எப்படி வாசகர் கண்ணில் படவைப்பது? அந்த வேலையைச் செய்பவர்களைப் பார்க்க, சென்னை கே.கே. நகரில் ஒரு வீட்டு மாடியில் இயங்கும் சிறு பதிப்பகத்துக்குச் சென்றிருந்தேன்.

இரண்டே அறைகள். முன்னறையில் பிரவுன் தாள் சுற்றிய புத்தகக் கட்டுகள், பார்சல் டேப், முகவரி ஒட்டிய உறைகள். உள்ளறையில் இரண்டு மேசைகள், ஒரு கணினி. தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர் குடும்பம் ஒன்றின் மூன்று தலைமுறைகளைச் சொல்லும் நாவல் அப்போதுதான் மெய்ப்பு முடிந்து அச்சுக்குப் போகக் காத்திருந்தது. ராஜம் கிருஷ்ணன் ‘கரிப்பு மணிகள்’ எழுதிய அதே மண். இந்த நாவலை எழுதியவர் அங்கேயே பிறந்து வளர்ந்தவர். இது அவருடைய முதல் நாவல்.

“முன்னெல்லாம் முதல் பதிப்புன்னா ஆயிரம், ஆயிரத்து இருநூறு போடுவோம். இப்ப முந்நூறு. தீர்ந்தா மறுபடி போட்டுக்கலாம்” என்றார் பதிப்பாளர். டிஜிட்டல் அச்சு வந்தபின் குறைந்த பிரதிகள் அடிப்பது எளிதாகிவிட்டது. முதலீடு முடங்குவதில்லை. ஆனால் முந்நூறு பிரதியைக் கேட்டு வாங்க முந்நூறு பேருக்கு முதலில் அப்படியொரு நாவல் இருப்பது தெரிய வேண்டும். நாளிதழ் மதிப்புரை, நூலக ஆணை, ஊர் ஊராக வெளியீட்டு விழா என்று இருந்த பழைய வழிகள் சுருங்கிவிட்ட நிலையில், அந்தப் பொறுப்பு உள்ளறையில் உட்கார்ந்திருந்த ஓர் இளம்பெண்ணிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

விஸ்காம் படித்தவர். ஒரு வாசிப்புக் குழுவின் வழியாக இங்கே வந்து சேர்ந்தவர். பதிப்பகத்தின் முகநூல், இன்ஸ்டகிராம், வாட்ஸப் மூன்றும் அவர் கையில். அவர் மேசையில் நாவலின் மெய்ப்புப் பிரதி கிடந்தது. ஓரமெல்லாம் வண்ணத் துண்டுத்தாள்கள். மஞ்சள் ஒட்டிய பக்கங்களில் நல்ல உரையாடல்கள். பச்சை ஒட்டியவற்றில் இடங்கள்: உப்பளம், ரயில் நிலையம், தேவாலயத் திருவிழா. இளஞ்சிவப்பு எதற்கு என்று கேட்டேன்.

“அது வெளிய சொல்லவே கூடாத பக்கம். அங்க வாசகர் தானா போய்ச் சேரணும்.”

முழு நாவலையும் இரண்டு முறை வாசித்து முடிக்காமல் ஒரு போஸ்டர்கூட வடிவமைப்பதில்லை என்பது அவர் வைத்திருக்கும் ஒழுங்கு. இந்தத் தொழிலின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது என்று எனக்குப் பட்டது. சமூக ஊடக விளம்பரம் என்றதும் செயலிகளும் உத்திகளுமே நினைவுக்கு வருகின்றன. ஆனால் அவர் செய்வதில் பாதிக்கு மேல் வாசிப்பு.

அன்று அவர்கள் முன்னால் இருந்தது நாற்பது விநாடிக் காணொளி. எழுத்தாளரின் சித்தி பல வருடங்கள் உப்பு வாரியவர். நாவலைப் பற்றி அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. பாத்திக்கரையில் உட்கார்ந்து, உப்பு வாரப் போகும் ஒரு நாள் எப்படி விடியும் என்று மட்டும் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். வெயிலில் வெள்ளை உப்பைப் பார்த்துப் பார்த்துக் கண் கூசுவது, காலில் பட்ட புண் ஆறாமல் கிடப்பது, வீட்டுக்கு வந்து தண்ணீர் ஊற்றும்போதுதான் எரிச்சல் தெரிவது என்று அவர் சொல்லிக்கொண்டே போகிறார். பதினோரு நிமிடப் பேச்சு. அதிலிருந்து நாற்பது விநாடி எடுக்க வேண்டும்.

காணொளித் தொகுப்பாளர் மதுரையில் இருக்கிறார். கல்யாண வீடியோ வேலைதான் பிழைப்பு. முகூர்த்தம் இல்லாத நாட்களில் புத்தகங்களுக்குச் செய்து தருகிறார். போனில் பேச்சு நடந்தது.

“அக்கா, கண்ணு கூசுறதப் பத்திச் சொல்ற இடத்துல ஆரம்பிச்சிரலாமா? அதுதான் நிப்பாட்டிப் பாக்க வைக்கும்.”

“வேணாம்டா. அது நாவல்ல எண்பதாம் பக்கத்துல வர்ற விஷயம். தண்ணி ஊத்துறப்பதான் எரிச்சல் தெரியும்னு சொல்றாங்கல்ல, அங்க தொடங்கு. அவங்க அதைச் சொல்லிட்டுச் சிரிக்கிறாங்க பாரு, அந்தச் சிரிப்போட முடி.”

பின்னணியில் இசை கிடையாது. வணிகக் கணக்குகளுக்குப் பிரபலமான திரைப்பாடல்களைப் பயன்படுத்தும் உரிமை இல்லை. போட்டால் ஒலி அடைபட்டுவிடும். அதனால் உப்பு வாரும்போது பலகை உரசும் சத்தத்தையே எடுத்து வந்திருக்கிறார்கள். நிலைக்குத்துச் சட்டகம், அகலம் ஒன்பது பங்கு என்றால் உயரம் பதினாறு. திரையின் அடிப்பகுதியைக் கணக்கின் பெயரும் குறிப்பும் மறைத்துவிடும் என்பதால் எழுத்தைச் சற்று மேலே தூக்கி வைக்கிறார்கள். பேருந்திலும் அலுவலகத்திலும் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்ப்பவர்கள் அதிகம். ஆகவே பேசுவது முழுக்க எழுத்திலும் ஓடுகிறது. சில தொகுப்பு மென்பொருள்களில் தமிழ் எழுத்து உடைந்துபோகும், கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கமாக நிற்கும். ஒவ்வொரு சொல்லையும் அந்தப் பெண் பெரிதாக்கிப் பார்த்துச் சரிசெய்தார். நாற்பது விநாடிக்கு ஒரு பிற்பகல் முழுவதும் போனது.

இந்த உழைப்புக்குப் பலன் உண்டா? உலகெங்கும் நடந்திருப்பவற்றைப் பார்த்தால் உண்டு என்றே சொல்ல வேண்டும்.

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தைச் சேர்ந்த லாயிட் டெவரோ ரிச்சர்ட்ஸ் ‘ஸ்டோன் மெய்டன்ஸ்’ என்ற துப்பறியும் நாவலைப் பல ஆண்டுகள் உழைத்து எழுதி, 2012இல் வெளியிட்டார். புத்தகம் கவனிக்கப்படாமல் கிடந்தது. 2023 பிப்ரவரியில் அவருடைய மகள், அப்பா மாடியறை மேசையில் உட்கார்ந்து வேலை செய்வதைப் பதினாறு விநாடி படம்பிடித்து டிக்டாக்கில் போட்டார். சில நாட்களில் அந்த நாவல் அமேசான் விற்பனைப் பட்டியலின் முதலிடத்துக்கு ஏறியது. அதே ஆண்டு மே மாதம், ஒரு ஜப்பானிய அனிமே தொடரின் ரசிகர் கணக்கிலிருந்து வந்த ஒற்றை ட்வீட், நான்கு ஆண்டுகளுக்கு முன் வெளியான ‘திஸ் இஸ் ஹவ் யு லூஸ் த டைம் வார்’ என்ற குறுநாவலை மீண்டும் விற்பனைப் பட்டியலின் மேல்வரிசைக்குக் கொண்டுபோனது. அந்தப் பதிவில் கதைச்சுருக்கம் இல்லை. எதையும் தேடிப் பார்க்காமல் இதைப் படித்துவிடுங்கள் என்ற வாசகரின் பதற்றம்தான் இருந்தது.

இந்தியாவில் அமீஷ் திரிபாதியின் கதை இன்னும் பாடமானது. பல பதிப்பகங்கள் மறுத்த ‘த இம்மார்ட்டல்ஸ் ஆஃப் மெலுஹா’ 2010இல் வந்தபோது, முதல் அத்தியாயத்தைத் தனியாக அச்சடித்துப் புத்தகக் கடைகளில் இலவசமாகக் கொடுத்தார்கள். யூடியூபில் சினிமா போல முன்னோட்டக் காணொளி வெளியிட்டார்கள். வாசித்துப் பார்த்துவிட்டு வாங்கலாம் என்ற நம்பிக்கையை வாசகருக்குத் தந்ததுதான் அங்கே வேலை செய்தது. 2021இல் ஐரிஷ் எழுத்தாளர் சாலி ரூனியின் நாவலுக்கு வேறு வழி. தொப்பியும் துணிப்பையும் செய்து முன்வாசகர்களுக்குக் கொடுத்தார்கள். லண்டனில் தற்காலிகக் கடையே திறந்தார்கள். ஏற்கெனவே புகழ்பெற்ற எழுத்தாளருக்கு அது சரி. முதல் நாவல்காரருக்குத் தொப்பி உதவாது, அவருடைய பக்கங்கள்தான் உதவும்.

தமிழில் இந்தக் கலைக்கு வேர்கள் ஆழமானவை. 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் ‘பொன்னியின் செல்வன்’ வந்தபோது வாரந்தோறும் மணியத்தின் ஓவியமும் அத்தியாய முடிவும் சேர்ந்து அடுத்த இதழுக்குக் காத்திருக்க வைத்தன. மணியத்தின் மகன் மணியம் செல்வன், சு. வெங்கடேசனின் ‘வீரயுக நாயகன் வேள்பாரி’ ஆனந்த விகடனில் தொடராக வந்தபோது அதற்கு வரைந்தார். அந்த ஓவியங்களையும் பிடித்த வரிகளையும் வாசகர்களே ஸ்டேட்டஸாக வைத்துப் பரப்பினார்கள். ஜெயமோகன் 2014 ஜனவரி முதல் 2020 ஜூலை வரை ‘வெண்முரசு’ நாவல் வரிசையை நாள்தோறும் தன் இணையதளத்தில் இலவசமாக வெளியிட்டார். மொத்தம் இருபத்தாறு நாவல்கள். இணையத்தில் முழுதாகக் கிடைத்தும் வாசகர்கள் அவற்றைச் செம்பதிப்பாக முன்பதிவு செய்து வாங்கினார்கள். இலவசமாகக் கொடுத்தால் விற்காது என்று அஞ்சும் பதிப்பாளர்கள் யோசிக்க வேண்டிய செய்தி இது.

கே.கே. நகர்ப் பதிப்பகம் இதிலிருந்துதான் தன் வழியை எடுத்திருக்கிறது. முதல் அத்தியாயத்தை ஏழு பகுதியாகப் பிரித்து, ஏழு நாள் காலையில் வாட்ஸப்பில் அனுப்புகிறார்கள். எழுத்தும் உண்டு, எழுத்தாளரின் குரலும் உண்டு. பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேருக்கு மேல் சேர்க்க முடியாது. பதிப்பகத்தின் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். குறைபோலத் தெரிந்தாலும் இதனால் உண்மையில் வாசிக்க விரும்புகிறவர்களின் பட்டியல் கையில் கிடைக்கிறது. ஏழாம் நாள் செய்தியின் கீழேதான் முன்வெளியீட்டு விலையும் பணம் செலுத்தும் க்யூஆர் குறியீடும் வரும். நாவலில் வரும் இடங்களைக் கூகுள் வரைபடத்தில் குறித்து, ஒவ்வொன்றையும் தொட்டால் அங்கே நடக்கும் காட்சியிலிருந்து நான்கு வரி கேட்கும்படி இன்னொரு வேலையும் நடந்துகொண்டிருந்தது. பச்சைத் துண்டுத்தாள்கள் அதற்குத்தான்.

முன்வாசகர்களைத் தேர்ந்தெடுப்பதிலும் அக்கறை தெரிந்தது. அதிகம் பின்தொடரப்படுபவர்களை மட்டும் தேடாமல், தூத்துக்குடியில் ஒரு பள்ளி ஆசிரியர், துறைமுகத் தொழிலாளி ஒருவர், தோல் மருத்துவர் ஒருவர் என்று நாவலின் உலகத்தைத் தொட்டு வாழ்பவர்களுக்கு முன்பிரதிகள் அனுப்பியிருக்கிறார்கள். பாராட்டு எதுவும் கேட்கவில்லை. எந்தப் பக்கத்தில் நிறுத்தினீர்கள், ஏன் என்று மட்டும் பேசி அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். அந்தத் தோல் மருத்துவரின் ஒரு நிமிடப் பேச்சை நான் கேட்டேன். எந்த மதிப்புரையும் தொடாத இடத்தை அது தொட்டது.

வரிகளை எடுத்துப் போடுவதில் ஆபத்தும் உண்டு. பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ 2010இல் வெளியான நாவல். 2014 இறுதியில் திருச்செங்கோட்டில் அதற்கு எதிர்ப்பு கிளம்பியபோது, சூழலிலிருந்து பிய்த்தெடுக்கப்பட்ட பக்கங்கள்தான் நகலெடுத்துப் பரப்பப்பட்டன. 2015 ஜனவரியில் எழுத்தாளர் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அவரே முகநூலில் அறிவிக்கும் நிலை வந்தது. 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகே அவர் எழுத்துக்குத் திரும்பினார். அதை மனத்தில் வைத்து, சாதி பற்றிய ஒரு வசனத்தைப் போஸ்டராக்கலாமா என்று அன்று நீண்ட விவாதம் நடந்தது.

“தோழர், இதைத் தனியா எடுத்தா யார் சொல்றாங்கன்னு தெரியாது. அந்தப் பாட்டி ஏன் அப்படிப் பேசுதுங்கிறது முன்னாடி பக்கத்துலல்ல இருக்கு?” என்றார் அந்தப் பெண். பதிப்பாளர் ஒத்துக்கொண்டார். பரபரப்பாகப் பரவக்கூடிய ஒரு வரியை இருவரும் தெரிந்தே கைவிட்டார்கள். எழுத்தாளரைக் காப்பதும் இவர்கள் வேலையில் அடங்கும்.

முன்னறையில் பார்சல் கட்டும் அக்காவையும் இந்தக் குழுவில் சேர்த்தாக வேண்டும். முன்பதிவு செய்த ஒவ்வொருவருக்கும் அவர் பெயரை எழுதி ஒரு சிறு சீட்டு வைக்கிறார். உடன் ஒரு காகிதப் பொட்டலத்தில் ஒரு சிட்டிகை கல்லுப்பு. போன நூலுக்கு வாசகர்கள் உறையைப் பிரித்ததும் முதலில் படம் எடுத்துப் போட்டது அவர் கையெழுத்தைத்தான் என்று பதிப்பாளர் திரையில் காட்டினார். பணம் கொடுத்து ‘பூஸ்ட்’ செய்த பதிவுக்கு விருப்பக்குறிகள் வந்தனவே தவிர ஆர்டர் வரவில்லை. வாசகர் எடுத்த படங்களின் கீழேதான் ‘எங்கே கிடைக்கும்?’ என்ற கேள்வி வந்திருந்தது.

இவர்களுக்குக் கிடைப்பது என்ன? அந்தப் பெண்ணுக்கு மாதச் சம்பளம் சொற்பம். மதுரைத் தம்பிக்குக் காணொளிக் கணக்கில் பணம், அதுவும் புத்தகக் காட்சி முடிந்து கணக்குப் பார்த்த பிறகு. நூலின் விவரப் பக்கத்தில் அட்டை வடிவமைத்தவர், பக்கம் அமைத்தவர், அச்சகம் எல்லாம் இருக்க, நாவலை வாசகரிடம் கொண்டுசேர்த்தவர்களின் பெயர் மட்டும் இருப்பதில்லை. சில வருடங்கள் பார்த்துவிட்டு விளம்பர நிறுவனங்களுக்குப் போய்விடுகிறார்கள். அவர்களோடு, இரண்டு முறை வாசித்துவிட்டு வேலை தொடங்கும் அந்தப் பழக்கமும் பதிப்புத் துறையை விட்டுப் போய்விடுகிறது. இதைப் பதிப்பாளரிடமே கேட்டேன். உப்பள நாவலின் விவரப் பக்கத்தை அச்சுக்கு அனுப்பும் முன், ‘காணொளி, ஒலிப்பதிவு, வாசகர் தொடர்பு’ என்று ஒரு வரி சேர்த்து மூன்று பெயர்களையும் போடுவதென்று முடிவுசெய்திருப்பதாகச் சொன்னார். முன்வெளியீட்டு விற்பனையில் ஒரு சிறு பங்கை அவர்களுக்கு ஒதுக்குவது பற்றியும் எழுத்தாளரோடு பேசிவருகிறார். முந்நூறு பிரதி அடிக்கும் பதிப்பகத்தால் இதைச் செய்ய முடிகிறது என்றால், ஆயிரக்கணக்கில் விற்கும் பெரிய பதிப்பகங்கள் தயங்குவதற்குக் காரணமே இல்லை.