பாதிக் கதைக்கு முழு டிக்கெட்

பாகம் 2, பாகம் 3 என்று வருகிற பெரிய படங்களுக்கு முதல் மூன்று நாள் கூட்டம், திங்கட்கிழமை தியேட்டர் காலி. கேட்டால், "அதே கதை, அதே ஹீரோ, ஜனங்களுக்குச் சலித்துவிட்டது" என்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை.

அதே கதை சலிக்கும் என்றால் நம் பக்கம் வள்ளி திருமணம் நாடகம் எப்போதோ நின்றுபோயிருக்க வேண்டும். சங்கரதாஸ் சுவாமிகள் காலமானது 1922இல். நூறு வருஷம் தாண்டியும் திருவிழாவுக்குத் திருவிழா அதைத்தான் போடுகிறார்கள். முருகன் வள்ளியைக் கட்டப்போகிறார் என்பது மடியில் தூங்குகிற பிள்ளைக்கும் தெரியும். ஆனாலும் உசிலம்பட்டியைச் சுற்றியுள்ள ஊர்களில் பாயை விரித்து விடிய விடிய உட்கார்ந்திருக்கிறார்கள். நாரதரும் வள்ளியும் தர்க்கம் பண்ணும்போது இன்றைக்கு யார் யாரை மடக்குவார்கள் என்று யாருக்கும் தெரியாது. அதோடு, விடிவதற்குள் கல்யாணம் முடிந்துவிடும். "மீதி அடுத்த வருஷம்" என்று சொல்லிப் பாருங்கள், சம்பளம் பேசிக் கூட்டிவந்த ஊர்க்காரர்கள் விடுவார்களா?

'இந்தியன்' 1996இல் வந்தது. லஞ்சம் வாங்கிய சொந்த மகனையே அப்பா கொல்கிறார். அதைப் பார்த்தவர்களுக்கு வயிறு கலங்கியது. 28 வருஷம் கழித்து 2024 ஜூலையில் 'இந்தியன் 2'. தாத்தா வந்தார், வர்மம் வந்தது, அந்தக் கலக்கம் வரவில்லை. சுமார் மூன்று மணி நேரம் உட்கார்ந்தவர்களுக்குக் கடைசியில் மூன்றாம் பாகத்தின் முன்னோட்டம்! வெளியான சில நாளில் 12 நிமிஷம் வெட்டினார்கள். நீளமா குறை?

இன்னொரு வகை, ஒரு படம் புரிய வேறு இரண்டு படம் பார்த்திருக்க வேண்டும் என்பது. பழைய பாடம் தெரியாதவன் வெளியே நில் என்று எந்த வாத்தியாராவது சொன்னால் வகுப்பு என்ன ஆகும்? (விக்ரம் ஓடியது, 'கைதி' பார்க்காதவனுக்கும் அது புரிந்தது.)

அதே 2024 செப்டம்பரில் 'லப்பர் பந்து', 2025 மே மாதம் 'டூரிஸ்ட் ஃபேமிலி'. இரண்டும் புது இயக்குநர்களின் படங்கள். குடும்பம் குடும்பமாகப் போய்ப் பார்த்தார்கள்.

சின்னப் படம் என்றாலே ஓடிவிடும் என்றும் சொல்லமாட்டேன். நம்ம ஊர் மணிகண்டன் எடுத்த 'கடைசி விவசாயி' 2022 பிப்ரவரியில் வந்தது. தேசிய விருது வாங்கியது. படம் வெளிவரும் முன்பே இறந்துபோன நல்லாண்டி ஐயாவின் நடிப்புக்கும் அதில் சிறப்புக் குறிப்பு கிடைத்தது. ஆனால் தியேட்டரில் அந்தப் படத்தைப் பார்த்தவர்களைவிட வீட்டில் பார்த்தவர்கள்தான் எனக்குத் தெரிந்து அதிகம். காலியாகக் கிடக்கிற திரையில் ஒன்றை இப்படிப்பட்ட படத்துக்கு இரண்டாவது வாரமும் கொடுத்தால் என்ன? கிராமத்து ஆட்கள் ஒருத்தர் சொல்லி ஒருத்தர் கேட்டு பஸ் ஏறவே ஒரு வாரம் ஆகும்.