பத்துப் பாகை வடக்கில் ஒரு தொலைநோக்கி

கணினி இணைந்த தொலைநோக்கி வானில் எதையும் தானாகத் தேடிக் கண்டுபிடிப்பதில்லை. நினைவகத்தில் உள்ள விண்மீன் பட்டியல், தான் நிற்கும் இடத்தின் அகலாங்கு நெட்டாங்கு, அந்த நேரம் ஆகியவற்றைக் கொண்டு கணக்கிட்டு, இரண்டு மோட்டார்களை இத்தனை பாகை சுழலுமாறு ஏவுவது மட்டுமே அது செய்யும் வேலை. அந்தக் கணக்கு வானின் எந்தப் புள்ளியிலிருந்து தொடங்க வேண்டும் என்பதைக் கருவிக்குக் கற்றுத்தரும் பணி 'அலைன்மென்ட்' எனப்படுகிறது. மதுரை ஆரப்பாளையத்தின் மொட்டை மாடியொன்றில் தொலைநோக்கியை நிறுத்துவோருக்கு இப்பணி ஐரோப்பியக் கையேடுகள் விவரிப்பதைவிடக் கடினமாக அமைவதற்கு முதற்காரணம் ஊரின் அகலாங்கே.

ஆரப்பாளையம் நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 10 பாகை வடக்கில் இருப்பதால், வானத்தின் வட துருவப் புள்ளியும் அடிவானத்திற்கு மேலே 10 பாகை உயரத்தில்தான் நிற்கிறது. அதற்கு அரைப் பாகைக்குச் சற்று அப்பால் சுற்றும் துருவ விண்மீனைப் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியோ, பேருந்து நிலையத்து விளக்கொளியோ, கோடைக்காலத் தூசியோ மறைத்துவிடுகிறது. தென்பட்டாலும், அவ்வளவு தாழ்வில் காற்றின் ஒளிமுறிவு அதனை 5 கலை ('ஆர்க் மினிட்') அளவுக்கு உயர்த்திக் காட்டுகிறது. புவியின் அச்சுக்கு இணையாக ஓர் அச்சைச் சாய்த்து வைக்கும் 'ஈக்வட்டோரியல்' தாங்கியை இங்கே பயன்படுத்தினால், அந்த அச்சு ஏறக்குறையப் படுத்துவிடுவதோடு, சில வகைகளில் எதிர்எடைத் தண்டு முக்காலியின் காலில் இடிக்கவும் செய்கிறது. ஜவ்வாது மலையில் காவலூரில் உள்ள, 1986 ஜனவரியில் திறக்கப்பட்ட 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கிக்கும் இதே சிக்கல் உண்டு. 12.5 பாகையே சாய்ந்த அதன் அச்சைக் குதிரை லாட வடிவ எஃகு வளையம் சுமக்கிறது. மாடிக்குத் தூக்கிச் செல்லும் கருவிக்கு அத்தகைய ஆடம்பரம் வாய்ப்பதில்லை. ஆதலால் மேலும் கீழும் ஓர் அச்சிலும், பக்கவாட்டில் மற்றோர் அச்சிலும் திரும்பும் 'ஆல்ட்-அஸிமத்' தாங்கியும், இரு விண்மீன்களைக் காட்டிக் கற்பிக்கும் முறையுமே இவ்வூருக்குப் பொருந்துகின்றன.

வேலை பகலிலேயே தொடங்குகிறது. குழாயின் மேல் பொருத்தப்பட்ட 'ஃபைண்டர்' என்னும் சிறு வழிகாட்டிக் குழாயும் பெரிய குழாயும் ஒரே புள்ளியைப் பார்க்க வேண்டும் என்பதற்காக, தென்கிழக்கே ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டரில் உள்ள மீனாட்சியம்மன் கோயில் கோபுரக் கலசம் தெரியுமானால், அதனை இரண்டின் மையத்திலும் நிறுத்தித் திருகுகளை இறுக்குகின்றனர். குமிழ்மட்டம் வைத்து முக்காலியைச் சமன்செய்வதில் பலரும் காட்டும் அக்கறை சற்று மிகையானது. இரு விண்மீன்களின் நிலையிலிருந்து தாங்கியின் சாய்வைக் கருவி தானே கணித்துக்கொள்ளும். அந்த அக்கறையைத் தேதியிலும் நேரத்திலும் காட்டுவது மேல். அமெரிக்க வழக்கப்படி மாதத்தை முதலிலும் நாளைப் பின்னும் கேட்கும், கருவியை இயக்கும் கைப்பொறியில் இரண்டையும் மாற்றி இடுவதும், இந்திய நேரத்தின் 5.30-இல் அரை மணியை விட்டுவிடுவதும் வழக்கமாக நேர்பவை. அரை மணிப் பிழை 7.5 பாகை, அதாவது பதினைந்து முழுநிலவுகளை அடுக்கிய அகலம். முதல் விண்மீனுக்குத் திரும்பும் குழாய் அவ்வளவு தள்ளி நிற்க, அங்கு மின்னும் வேறொன்றையே அதுவென நம்பி ஏற்றுக்கொள்வதிலிருந்து அன்றிரவின் குழப்பமெல்லாம் பிறக்கிறது.

விண்மீன் தேர்விலும் ஊர் குறுக்கிடுகிறது. மகம், திருவோணம், திருவாதிரை ஆகிய மூன்றும் மதுரையின் உச்சிவானத்திற்கு மூன்று பாகைக்குள் கடந்துசெல்பவை. எளிதில் அடையாளம் தெரிவதாலேயே புதியவர்கள் அவற்றை நாடுகின்றனர். உச்சியருகே பக்கவாட்டுத் திசை ஏறத்தாழப் பொருளிழந்துவிடுவதால், அங்கே கற்பித்த பாடம் அடிவானத்தருகே பெரும் பிழையாக விரிகிறது. சித்திரை மாத முன்னிரவில் மேற்கே சிரியஸும் கிழக்கே சுவாதியும் எனப் பரந்த இடைவெளியுள்ள, நடுத்தர உயரத்து இணையே பயன் தரும்.

மையப்படுத்தும் கட்டம்தான் கைத்திறனுக்குரியது. பற்சக்கரங்களுக்கிடையே உள்ள சிறு தளர்வினால், திசை மாறும்போது மோட்டார் சுழன்றும் குழாய் ஒரு கணம் அசைவதில்லை. எனவே கருவி தன் இறுதி நகர்வை எத்திசையில் செய்கிறதோ அதே திசையில்தான் விண்மீனையும் மையத்திற்குக் கொண்டுவர வேண்டும். "தம்பி, தாண்டிப்போச்சு, திரும்பக் கீழ வந்து மேல ஏத்து" என்று கண்வில்லையில் இருப்பவர் சொல்ல, கைப்பொறி வைத்திருப்பவர் பின்வாங்கி மீண்டும் அணுகுவது இதன்பொருட்டே. விண்மீனைச் சற்றுக் குவியம் நீக்கி வட்டாக்கினால் மையம் துல்லியமாகப் புலப்படும்.

பாடத்தில் சேராத மூன்றாவது விண்மீனுக்குக் குழாயை ஏவிப் பார்ப்பதே சோதனை. அது மையத்தருகே விழாவிட்டால் மோட்டாரைக் குறைசொல்லாமல் இரு விண்மீன்களையும் மறுபடி கற்பிப்பதே முறை. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் போன்ற அமைப்புகள் நடத்தும் வான்நோக்கு நிகழ்வுகளில் இவ்வளவும் பார்வையாளர் வருமுன்பே முடிந்திருக்கும், ஆனால் முக்காலியின் காலில் யாரேனும் ஒருமுறை இடறினால் முழுவதும் வீணாகும். வரிசையில் நிற்போர் முக்காலியைத் தொடாமல், கண்வில்லையைக் கையால் பற்றாமல், கண்ணை மட்டும் அதனருகே கொண்டுசென்று பார்க்க வேண்டும்.